கண்ணாடியில் போய்த் திரும்பிய கடிதம்

இதை எழுதப் பல வருஷமாகக் கை வரவில்லை. இயந்திரத்தைப் பற்றி எழுதப் படிப்பு வேண்டும். நான் பத்தாவதோடு நின்றவன். தெய்வத்தைப் பற்றி எழுதத் தகுதி வேண்டும். அது எனக்கு உண்டா என்பது அவளுக்குத்தான் தெரியும். இரண்டும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல், பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இந்தத் தொடர் இத்தனை வாரம் ஓடியும் இந்த ஒன்றை மட்டும் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

போன வாரம் என் மனைவி சிவகாமி சொன்னாள்: "எழுதிப்போடுங்க. மனசுக்குள்ளேயே வச்சு என்ன செய்யப் போறீக?"

அதனால் எழுதுகிறேன். தாயே, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

பலகையில் மணி அடித்தது

அன்று நவமி. வங்காளத்தில், பவானிபூரில் எங்கள் சந்து முனையில் பெரிய பந்தல். ஒலிபெருக்கியில் மந்திரம் ஒரு பக்கம், தாக் என்கிற அந்தப் பெரிய மேளத்தின் சத்தம் ஒரு பக்கம். இரண்டாவது மாடியில் எங்கள் வீட்டுக்குள் பேசினால் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டும்.

கூடத்தில் கொலு. கொலுவுக்கு முன்னால் பலகை போட்டு, மஞ்சள் துணி விரித்து, அதன்மேல் சரஸ்வதிக்குப் புத்தகங்கள் அடுக்கியிருந்தோம். மகள் மீனாவின் ரசாயனப் புத்தகங்கள், என்னுடைய தேவாரம், நான் வேலை பார்த்த கிடங்கிலிருந்து கொண்டுவந்த சாக்குக் கொக்கி. புத்தகங்களின் தலைமேல் எங்கள் வீட்டின் ஒரே மொபைல் போனும், மீனாவின் கைக் கம்ப்யூட்டரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. இரண்டுக்கும் தலைப்பக்கம் சாமியைப் பார்த்து இருந்தது. அப்படித்தானே வைப்போம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது, படிக்கக் கூடாது. இது எங்கள் வீட்டில் என்றைக்கும் மாறாத விதி. ஆனால் போனை நாங்கள் அணைத்து வைக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து என் அண்ணாச்சி நவமியன்று கூப்பிடுவார் என்பது ஒரு காரணம். அணைத்த விளக்கைச் சாமிக்கு முன்னால் வைப்பதுபோல் இருக்கும் என்று சிவகாமி சொன்னது இன்னொரு காரணம்.

அந்தப் போன் மணி அடித்தது. அதிர்ச்சியில் மேலே வைத்திருந்த செம்பருத்திப் பூ நகர்ந்து கீழே விழுந்தது.

"எடுக்காதட்டி," என்றாள் சிவகாமி.

"எடுக்கலம்மா. அமுக்கத்தான் செய்யுதேன்."

மீனா தரையில் குப்புறப் படுத்து, சுண்டுவிரலால் பச்சைப் பொத்தானை அமுக்கி, பலகையோரம் காதை வைத்துக்கொண்டாள். நமஸ்காரம் பண்ணுகிறாளா, போன் பேசுகிறாளா என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. "ஆமா... ஆமா... எப்போ வந்துது?" என்று கேட்டாள். அப்புறம் அவள் முதுகு அப்படியே அசையாமல் நின்றுவிட்டது.

எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

என்ன செய்தி

மீனா எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். வங்காளத்தின் பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் என்கிற விஷம் கலந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியில் அவளுக்கு உயிர். ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் அதைத்தான் செய்கிறார் என்று தெரிந்து அவரிடம் இடம் கேட்டு எழுதியிருந்தாள். மாதக்கணக்கில் பதில் இல்லை. நாங்களும் மறந்துபோய்விட்டோம். அவள் மறக்கவில்லை.

கூப்பிட்டது அங்கே படிக்கும் அவளுடைய தோழி. பேராசிரியர் முந்தாநாளே மெயில் அனுப்பிவிட்டாராம். இடம் உண்டு. ஆனால் இன்று சாயங்காலம் அவர் நீண்ட விடுப்பில் கிளம்புகிறார். அதற்குள் வருகிறேன் என்று மீனாவே தன் மெயிலிலிருந்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. அந்தப் பெண் ஏதோ ரயில் நிலையத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து பேசியிருக்கிறாள். காசு தீர்ந்து பாதியிலேயே அறுந்துவிட்டது. திருப்பிக் கூப்பிட வழியில்லை.

"நாளைக்குக் காலைல புனர்பூஜை முடிஞ்சதும் எழுதக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு அந்த இடம் இருக்காதுப்பா."

நானும் மீனாவும் தெருவில் இறங்கினோம். வழக்கமாகப் போகும் இன்டர்நெட் கடையின் ஷட்டர் மூடி, அதன்மேல் ஜவுளிக்கடை விளம்பரத் துணி கட்டியிருந்தது. அடுத்த தெருக் கடையும் அப்படியே. பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் புது ஜிப்பாவைத் தடவிக்கொண்டே, "நவமியில் கம்ப்யூட்டரா தாதா? போய் டாக்குரைப் பாருங்கள்," என்றார். தாதா என்றால் இங்கே அண்ணன், டாக்குர் என்றால் சாமி.

வீட்டுத் தொலைபேசி இருந்தால் அதன்வழியே ஏதாவது செய்திருக்கலாம். பந்தலுக்கு மூங்கில் நடக் குழி தோண்டியவர்கள் கேபிளை வெட்டியதில் எங்கள் சந்து முழுக்கத் தொலைபேசி ஊமையாகி ஒரு வாரம். பூஜை முடிந்துதான் சரிசெய்ய வருவார்கள். பாலிகஞ்சில் ஒரு கடை திறந்திருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மெட்ரோ வாசலில் பார்த்தால் ஜனம் படியிலிருந்து சாலைவரை நிற்கிறது. பஸ்ஸெல்லாம் எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் பலூனும் புதுச்செருப்புமாக எல்லோரும் சிரித்துக்கொண்டு போக, என் மகள் மட்டும் எதிர்த்திசையில் நடந்து வந்தாள்.

படியேறும்போது மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, சிலேட்டு இருக்கு."

சிலேட்டு வந்த கதை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்தக் கைக் கம்ப்யூட்டரைச் சிலேட்டு என்று பெயரிட்டவள் சிவகாமி. உள்ளங்கை அகலம், சாம்பல் நிறத் திரை, கூடவே பல்குச்சி மாதிரி ஒரு பேனா. சிவகாமியின் தம்பி வெளிநாட்டில் அதை நன்றாக உபயோகித்துவிட்டு, புதிது வாங்கியதும் இதை மருமகளுக்கென்று எடுத்துவைத்திருந்தான். விடுமுறையில் சென்னையிலிருந்து ரயிலில் வந்தவன் சாந்த்ராகாச்சியில் இறங்கி, பிளாட்பாரத்திலேயே ஒரு டீயைக் குடித்துக்கொண்டு, "இது பழசுதான் மீனா, ஆனா சாகாது," என்று கொடுத்தான். அதற்குள் இரண்டு சின்ன பாட்டரி போட்டால் போதும், வாரக்கணக்கில் ஓடும்.

அதில் போன் கிடையாது. இன்டர்நெட்டும் தானாக வராது. ஆனால் அதன் உச்சந்தலையில் கறுஞ்சிவப்பாக ஒரு சின்னக் கண் உண்டு. எங்கள் மொபைல் போனுக்கும் உச்சந்தலையில் அதேபோல ஒரு கண். இரண்டையும் எதிரும் புதிருமாக வைத்தால், சிலேட்டு தனக்கு வேண்டியதைப் போனிடம் கேட்கும். போன் அதை வெளி உலகத்திடம் கேட்டு வாங்கிக் கொடுக்கும். அதற்காக மீனா போன் கம்பெனிக் கடையில் எத்தனை முறை போய் நின்றாள் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் படுக்கவைத்து, உயரம் சரியாக வர போனுக்கு அடியில் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்து, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்பாள். சில நாள் வரும். பல நாள் வராது.

முதல்முதலாக வந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். திரையில் ஒவ்வொரு வரியாக எழுத்து இறங்கியது.

"கம்பி எங்க?" என்றேன்.

"கம்பி இல்லப்பா. வெளிச்சத்துல பேசுது."

"வெளிச்சம் எங்க?"

"அது நம்ம கண்ணுக்குத் தெரியாது."

நான் குனிந்து இரண்டுக்கும் நடுவில் பார்த்தேன். மேஜை விரிப்புத்தான் தெரிந்தது. என் கையை நடுவில் நீட்டியதும் எழுத்து நின்றுவிட்டது. எடுத்ததும் மறுபடி வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியை நம்பித்தான் ஆயுசு முழுக்க விளக்கேற்றியிருக்கிறேன். ஆனாலும் அப்படி ஒன்று என் சாப்பாட்டு மேஜையில், என் கை தடுத்தால் நிற்கும்படி இருக்கும் என்று நினைத்ததில்லை. அன்று சோறு இறங்கவில்லை. பயம் இல்லை, அதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை தெரியவில்லை.

நெற்றிக்குச் சந்தனம்

நான் ஒரு தேயிலைக் கம்பெனியின் கிடங்கில் மேற்பார்வையாளனாக இருந்தேன். அங்கே இயந்திரங்களுக்கு வருஷத்தில் இரண்டு பூஜை. வங்காளிகள் நவராத்திரிக்கு முந்தியே விஸ்வகர்மா பூஜை செய்து, பட்டம் விட்டு, பிரியாணி சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். நவராத்திரியில் ஆயுத பூஜைக்கு நான் ஒருவன் மட்டும் சந்தனக் கிண்ணத்துடன் போவேன். எடைத் தராசு, சாக்குத் தைக்கும் மிஷின், தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் நெற்றி எது என்று பார்த்துப் பொட்டு வைப்பேன். "உங்கள் தராசு ரொம்ப அதிர்ஷ்டசாலி, இரண்டு தடவை பிறந்தநாள்," என்று கிடங்கில் கேலி செய்வார்கள்.

எதற்கும் ஒரு நெற்றி உண்டு என்பது என் பழக்கம். அந்த நவமிக் காலையிலும் வீட்டில் அப்படித்தான். குழைத்த சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே எடுத்து, சிலேட்டுக்கு முன்பக்கம் திரைக்கு மேலேயும், போனுக்கு உச்சந்தலையிலும் வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன்.

இதை இங்கே சொல்லிவைக்கிறேன். அப்புறம் பார்க்கலாம்.

எடுக்காமல் எப்படி

வீட்டுக்குள் வந்ததும் மீனா அம்மாவிடம் கேட்டாள். கேட்டதும் சிவகாமி பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள், காவல் போல.

"எடுக்கப்பிடாது. வருஷத்துல ஒரு நாளு அவகிட்ட குடுத்து வைக்கோம். அந்த ஒரு நாளும் பிடுங்கணுமா?"

"அம்மா, இன்னைக்கு விட்டா போச்சு."

"கடை எல்லாம் மூடி. போன் கம்பிய வெட்டிப் போட்டாச்சு. தோழி பேசுதது பாதில நிக்கி. இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்ட்டி? அவ வேண்டாங்கா. கடல் தாண்டி உன்ன அனுப்ப அவளுக்கே மனசில்ல."

மீனா அழவில்லை. கொலுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். சிவகாமி சொன்னதில் பாதி என் மனசிலும் இருந்தது. ஒற்றைப் பெண். எங்கள் வம்சத்தில் பெண்பிள்ளை எவளும் கப்பலோ விமானமோ ஏறியதில்லை. விதி என்று ஒன்று நம் பக்கம் இருக்கும்போது அதன் பின்னால் நின்றுகொள்வது சுலபம்.

கொஞ்சம் கழித்து மீனா கேட்டாள்: "எடுக்காம, நகத்தாம, அங்கனயே வச்சு பண்ணினா?"

"அது எப்படி? ரெண்டும் மூஞ்சிய மூஞ்சிய பாக்கணும்னுதான சொல்லுவ," என்றேன். "இப்போ ரெண்டும் சாமியப் பாத்துல்லா கிடக்கு."

"சாமிக்கு முன்னால கண்ணாடி இருக்குப்பா."

எங்கள் வழக்கத்தில் கலசத்தின்மேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைப்போம். சீப்பு, கருகமணி, கண்ணாடி, குங்குமம் என்று தாய்க்கு வைக்கும் மங்கலப் பொருள்களில் அதுவும் ஒன்று. சிலேட்டும் போனும் அதைப் பார்த்துத்தான் படுத்திருந்தன.

"வெளிச்சம்னா கண்ணாடில பட்டுத் திரும்பும்லா. சிலேட்டுலருந்து போயி, கண்ணாடில பட்டு, போனுக்கு வரும். எதையும் தொடாண்டாம். பேனாவால குத்துனா போதும்."

சிவகாமி பலகைக்கு முன்னாலிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம்.

மீனா மறுபடி படுத்தாள். போனில் அந்தக் கண்ணைத் திறக்கும் பொத்தான்களை விரல் நுனியால் அமுக்கினாள். சிலேட்டைப் பேனாவால் தொட்டாள். போனைத் தேடுகிறேன் என்று திரையில் வந்தது. தேடியது. கிடைக்கவில்லை என்றது. மறுபடி தொட்டாள். மறுபடி கிடைக்கவில்லை.

கண்ணாடியைச் சிவகாமியே விரலால் கொஞ்சம் நிமிர்த்திவிட்டாள். அப்போதும் இல்லை. ஜன்னல் வெயில் மஞ்சளாகிவிட்டது. பந்தலில் தாக் நின்று போயிருந்தது; அதை வாசிப்பவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். அந்த அமைதியில் மீனாவின் பேனா திரையில் படும் டிக், டிக் மட்டும் கேட்டது.

பௌதியின் போன்

கீழ்வீட்டு ஷிப்ரா பௌதி அப்போதுதான் வந்தார். பௌதி என்றால் அண்ணி. பந்தலில் பிரசாதமாகக் கொடுத்த போக் கிச்சடியைத் தூக்கில் எடுத்துக்கொண்டு, வருஷா வருஷம் நவமியன்று எங்கள் கொலுவைப் பார்க்க வருவார். அவர் வங்காளத்தில் பேசுவார், சிவகாமி தமிழில் பதில் சொல்லுவாள், போதாததற்கு நடுவில் கொஞ்சம் இந்தி. இப்படியே பல வருஷச் சிநேகம்.

அந்த வருஷம் பௌதியிடம் படம் எடுக்கும் புதுப்போன் இருந்தது. மகன் பூஜைக்கு வாங்கிக் கொடுத்தது. கண்ணில் படுவதையெல்லாம் அதில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மீனா என்ன, தண்டம் போட்டுக்கொண்டு கிடக்கிறாள்? பரீட்சையா?" என்று சிரித்தவர், விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார். தூக்கை வைத்துவிட்டு, கை பழக்கத்தில் போனைத் தூக்கிக் கொலுவைப் படம் பிடிக்கப் போனார்.

பிடிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓ மா," என்றார். "தாதா, இங்கே என்ன எரிகிறது?"

நாங்கள் கொலுவைப் பார்த்தோம். எண்ணெய் விளக்கைத் தவிர எதுவும் எரியவில்லை.

"அங்கே இல்லை. இங்கே பாருங்கள்."

அவருடைய போன் திரையில் பார்த்தேன். எங்கள் கொலுதான், சின்னதாக. பலகை, புத்தகம், பூ. சிலேட்டின் உச்சந்தலையில் ஒரு வெளிச்சம். ஊதாவும் வெள்ளையும் கலந்த ஒரு பொட்டு, விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அம்மனுக்கு முன்னாலிருந்த கண்ணாடிக்குள்ளும் அதே பொட்டு. திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பலகையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரையைப் பார்த்தேன். எரிந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கை தானாகக் கூப்பிக்கொண்டது, எதை நோக்கி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்று சாப்பாட்டு மேஜையில் குனிந்து தேடிய வெளிச்சம் இதுதான். அப்போதும் இருந்திருக்கிறது. எனக்குத்தான் கண் இல்லை.

மீனா எழுந்து ஓடிவந்து பார்த்தாள். "காமெரா கண்ணுக்கு அது தெரியும்பா, நமக்குத்தான் தெரியாது," என்றாள். அப்புறம் நெற்றியைச் சுருக்கினாள்.

"சிலேட்டுதான் கூப்பிடுது. போன் பதிலே சொல்லல. கேட்டிருந்தா அதுவும் மின்னணும்."

"ஏன் கேக்கல?" என்றேன்.

மூன்று பெண்களும் போனைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

காலையில் நான் வைத்த சந்தனம் போனின் உச்சந்தலையில் காய்ந்து கெட்டியாகி, அந்தச் சின்னக் கண்ணை முழுசாக மூடியிருந்தது. சிலேட்டுக்கு முன்பக்கம் திரைக்கு மேலே வைத்ததால் அது தப்பித்தது.

"நல்லா வச்சீக நெத்திப் பொட்டு," என்றாள் சிவகாமி. "அவ எங்க தடுத்தா? நீங்கல்லா கண்ணப் பொத்தி வச்சிருக்கீக."

சொல்லிக்கொண்டே சேலை முந்தானையை எச்சில் படாமல் கலசத் தண்ணீரில் தொட்டு, குனிந்து, போனை நகர்த்தாமல், குழந்தைக்குக் கண்ணோரம் துடைப்பதுபோல் துடைத்தாள். சந்தனம் மஞ்சளாக முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

பௌதி போனைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். இப்போது திரையில் இரண்டு பொட்டு. ஒன்று மின்னும், நிற்கும். மற்றது மின்னும், நிற்கும். தாய்க்கு முன்னால் கண்ணாடியில் இரண்டும் மாறி மாறி. இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோலவே இருந்தது.

பௌதி தலைக்குமேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "துக்கா, துக்கா," என்றார். துர்க்கையை இங்கே அப்படித்தான் சொல்லுவார்கள்.

யார் படிப்பது

மெயில் வந்துவிட்டது. அப்போது இன்னொரு சங்கடம்.

"இன்னைக்குப் படிக்கப்பிடாதே," என்றாள் சிவகாமி.

மீனா தலையில் கையை வைத்துக்கொண்டாள். ஆனால் சிவகாமியே யோசித்துச் சொன்னாள்: "பௌதி படிக்கட்டும். அவுகளுக்கு சரஸ்வதி பூஜை தை மாசத்துலதான வரும். இன்னைக்கு அவுக எதப் படிச்சாலும் தோஷம் கிடையாது."

அது உண்மை. வங்காளிகளின் சரஸ்வதி பூஜை வேறு நாள். அந்த நாளில் பௌதி வீட்டிலும் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். அப்போது அவர்களுக்கு வந்த தந்தியை நான் படித்துச் சொன்னதுண்டு.

பௌதி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியிட்டார். பட்டுச் சேலை தரையில் புரள, சிலேட்டுக்கு மேல் குனிந்து, இங்கிலீஷில் உரக்கப் படித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. உன் எழுத்தைப் படித்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது என்கிறார். இடமும் உதவித்தொகையும் உண்டு என்கிறார். கடைசி வரி எனக்கே புரிந்தது: நீ வருகிறாயா?

"பதில் எழுதுதது மட்டும் தப்பில்லையாம்மா?" என்று மீனா கேட்டாள். பயந்துகொண்டுதான் கேட்டாள்.

"புஸ்தகம் படிக்கப்பிடாதுன்னுதான் சொல்லியிருக்கு. ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டா பதில் சொல்லப்பிடாதுன்னு எங்கயும் சொல்லல."

மீனா அந்தக் குச்சிப் பேனாவால் எழுதினாள். சிலேட்டில் ஒவ்வோர் எழுத்தாகத்தான் எழுத வேண்டும், கையை எடுக்காமல் ஒரே இழுப்பில். இழுத்ததும் மேலே அச்செழுத்தாக வரும். விஜயதசமியில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்போமே, அந்த வேகத்தில்தான் அவள் கை நகர்ந்தது. அதே தாய்க்கு முன்னால், அதேபோலக் குனிந்து. அவளுக்கு ஆனா எழுதவைத்தது நான்தான். அது அப்போது ஞாபகம் வந்தது.

எழுதி முடித்துவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள்.

"அப்பா, அனுப்பட்டுமா?"

எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் சரி என்றும் வரவில்லை. அம்மன் முகத்தைப் பார்த்தேன். விளக்கைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமோ.

"அங்க ஒருத்தரு பெட்டியக் கட்டி வச்சுட்டு காத்துக் கிடக்காரு," என்றாள் சிவகாமி. "அப்பாகிட்ட அப்புறம் கேட்டுக்கலாம். நீ அனுப்புட்டி."

மத்தியானம் முழுக்கப் பலகையைக் காவல் காத்தவள் அவள்தான்.

மீனா தொட்டாள். பௌதியின் திரையில் இரண்டு பொட்டும் வேகமாக மின்ன ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்துப் போன் மணி அடித்தது. பொட்டுகள் நின்றுவிட்டன. திருநெல்வேலி அண்ணாச்சி.

நான் பாய்ந்து குப்புற விழுந்து பொத்தானை அமுக்கினேன். "அண்ணாச்சி, போன வையுங்க. மீனா ஒரு காகிதம் போட்டுக்கிட்டு இருக்கா."

"போன்லயா காகிதம் போடுதா? ஏல, காலைல சாப்பிட்டியா நீ?"

"வையுங்க அண்ணாச்சி, கும்பிடுதேன்."

வைத்துவிட்டார். மீனா முதலிலிருந்து செய்தாள். தேடு, கண்டுபிடி, இணை. பௌதியின் கை வலித்திருக்கும்; ஆனாலும் இறக்கவில்லை. மறுபடி இரண்டு பொட்டு மின்னின. என் மகளுடைய வார்த்தை சிலேட்டிலிருந்து புறப்பட்டு, தாயின் காலடிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, போனுக்குள் போய், அங்கிருந்து எந்தெந்த ஆகாசம் எந்தெந்தக் கடல் என்று போனதோ.

போயாச்சு என்று திரையில் வந்தது. மீனா அதைச் சத்தமாகப் படிக்கவில்லை, படிக்கக் கூடாதே. பௌதிதான் படித்தார்.

சிவகாமி எழுந்து கற்பூரம் ஏற்றினாள்.

கேட்டுக்கொள்வது

மறுநாள் புனர்பூஜை முடிந்து, மீனா முதலில் எடுத்துப் படித்தது பேராசிரியரின் பதில். உன் சொல் கிடைத்தது, வா என்று இரண்டு வரி. அவள் போனாள், படித்தாள், திரும்பியும் வந்தாள். இப்போது இந்த ஊரிலேயே தண்ணீர் சோதிக்கும் கூடத்தில் இருக்கிறாள். கிராமத்துக் கிணற்றுத் தண்ணீரைப் புட்டிகளில் அடைத்து மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பாள்.

கதை மட்டும் நடந்தபடி நிற்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம், அம்மன் கண்ணிலிருந்து ஜோதி கிளம்பிக் கடிதம் தானாகப் போயிற்று என்கிறார்கள். அப்படி இல்லை. மீனாவோடு வேலை செய்பவர்கள், அகச்சிவப்புக் கதிர், ஒரு கண்ணாடி, கொஞ்சம் சந்தனம், அவ்வளவுதானே என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பிசகில்லை. ஆனால் அவர்கள் அன்று அந்தக் கூடத்தில் இல்லை. இரண்டு பேச்சிலும் எனக்கு வருத்தமில்லை. ஜோதியும் அவளுடையதுதான், கதிரும் அவளுடையதுதான்.

ஒன்றுதான் உறுத்துகிறது. கல்யாண வீட்டிலும் சங்கக் கூட்டத்திலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு, அந்தக் காலத்திலேயே ஒற்றைப் பெண்ணைத் தைரியமாக அனுப்பி வைத்தீர்களே," என்கிறார்கள். நான் மறுத்தால் அடக்கம் என்கிறார்கள். சிவகாமி பக்கத்தில் நின்று, சிரித்துக்கொண்டு, அவர்களுக்குக் காபி எடுக்கப் போய்விடுகிறாள்.

இதைப் படிப்பவர்கள் யாருக்காவது சொல்வதானால் சொல்லுங்கள். சொன்னால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். மகள் கேட்டபோது அப்பனுக்கு வாய் வரவில்லை. ஐந்தாவதுகூட முடிக்காத அவள் அம்மா, முந்தானையில் சந்தனக் கறையோடு, அனுப்பு என்றாள். அந்தச் சொல் அவளுடையது. வாய் மாறிப் போகும்போது அது என் பெயருக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.